கடல் வானிலைப் படம் படிக்கும் முறை

புயற்காலத்தில் நாளிதழைப் பிரித்தால், துறைமுகத்தில் இத்தனையாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது என்னும் செய்தி கண்ணிற்படுவதை யாவரும் அறிவோம். 1 முதல் 11 வரை எண்ணப்பெறும் அவ்வடையாளங்கள் கம்பத்தில் ஏற்றப்படுபவை. கண்ணுக்கெட்டும் தொலைவில் உள்ள கலத்தார்க்கே அவை தோன்றும். இங்கிலாந்தில் பிட்சுராய் என்னும் கடற்படைத் தலைவர் 1861-ஆம் ஆண்டில் இத்தகைய புயலறிவிப்பைத் தொடங்கினார். இன்றோ கடலின் நிலை முழுதும் வண்ணப் படமாகக் கைபேசியில் வந்து நிற்கின்றது. படம் எளிதிற் கிடைக்கின்றது. அதனைப் படிக்கும் முறையோ அத்துணை எளிதிற் கிடைப்பதில்லை. அதனைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒன்றை உள்ளத்திற் கொள்ளல் வேண்டும். படங்காட்டும் மென்பொருள் தானாக வானிலையைக் கணிப்பதன்று. பிறர் கணித்ததைக் காட்டுவது மட்டுமே. பெரிய கணிப்பொறிகள் கடற்பரப்பைச் சதுரங்கப் பலகைபோற் கட்டமிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் காற்றின் விரைவு, திசை, அழுத்தம், அலையின் உயரம் ஆகியவற்றை எண்களாகத் தருகின்றன. இவ்வெண்களைச் சுருக்கிக் கட்டியனுப்புவதற்கு உலக வானிலை நிறுவனத்தார் வகுத்த வடிவமே 'கிரிப்' எனப்படுவது. ஓப்பன் சி.பி.என்., எக்ஸ்ஒய்கிரிப் முதலியன அம்மூட்டையை அவிழ்த்துப் படமாக்கும் இலவச மென்பொருள்கள். பலரும் பயன்படுத்தும் அமெரிக்கக் கணிப்பொன்றில் புள்ளிகளின் இடைவெளி கால் பாகை, அஃதாவது ஏறக்குறைய 28 கிலோமீட்டர். தாம்பரத்திற்கும் கோவளத்திற்கும் இடைப்பட்ட தொலைவினும் அது மிகுதி. ஆகவே, கோவளத்துக்கு நேரே திடீரெனத் தோன்றி மறையும் இடிமழைக்காற்று அவ்வலையின் கண்ணுக்குள் நழுவிப்போதல் கூடும்.

இனி, அம்புக்குறிகள். வாடை, தென்றல், கொண்டல், கோடை எனக் காற்று வரும் திசைகொண்டு பெயரிட்டனர் நம் முன்னோர். படத்தின் வழக்கும் அதுவே. இறகுள்ள முனை எத்திசையில் இருக்கின்றதோ, அத்திசையினின்று காற்று வருகின்றது என்பது பொருள். அரை இறகு மணிக்கு 5 கடல் மைல். முழு இறகு 10. கறுத்த முக்கோணம் 50. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஆதலின் இரண்டரை இறகுடைய குறி, மணிக்கு ஏறக்குறைய 46 கிலோமீட்டர் விரைவைக் குறிக்கும். சிறு படகு கரையிலிருத்தலே நன்று.

காலக் கணக்கில் இடறுவோர் பலர். இப்படங்களிற் பல உலகப் பொது நேரத்தையே காட்டும். நம் நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியது. ஒன்பதாந் தேதி 21 மணி என்றிருப்பின், நமக்கு அது பத்தாந் தேதி விடியற்காலை இரண்டரை மணி. விடியுமுன் படகு தள்ளுவோர்க்கு இவ்வைந்தரை மணி சிறிய பிழையன்று.

அலையுயரமே எல்லாவற்றினும் கருதத்தக்கது. படத்தில் 2 மீட்டர் என்று கண்டால், எல்லா அலைகளும் 2 மீட்டருக்கு உட்பட்டவை என்று எண்ணுதல் இயல்பு. அஃது அங்ஙனமன்று. அலைகளை உயர வரிசையில் நிறுத்தி, உயர்ந்த மூன்றிலொரு பங்கினை மட்டும் எடுத்துக் காணும் சராசரியே அவ்வெண். தனி அலையொன்று அதனினும் ஏறக்குறைய இருமடங்கு எழுதலும் உண்டு. கணித வகுப்பில் சராசரியைப் படித்துவிட்டு மறந்த நம்மவர்க்கு இஃதொரு நல்ல நினைவூட்டல்!

காற்றே இல்லாத நாளிலும் கடல் பொங்கும். தெற்கே நெடுந்தொலைவில் வீசிய புயற்காற்று எழுப்பிய அலைகள், நாட்கணக்கிற் பயணஞ்செய்து, நம் கரையைத் திடீரெனத் தாக்கும். கேரள மீனவர் இதனைக் 'கள்ளக்கடல்' என்பர்; அப்பெயரையே அறிஞரும் ஏற்றுக்கொண்டனர். 2024-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையால் இழுக்கப்பெற்று உயிர் துறந்தனர். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது. விடுமுறையில் கடற்கரை செல்லும் நம் மாணவர் காற்றுப் படத்தை மட்டும் பார்த்து அமையாது, தொலைவலையின் உயரத்தையும், ஓரலைக்கும் அடுத்த அலைக்கும் இடைப்பட்ட நேரத்தையும் காண்பாராக. அந்நேரம் 15 நொடிக்கு மேற்பட்டதாயின், அலை சிறிதாகத் தோன்றினும் பெருவலி உடையது.

படம் நன்றாயிருந்தும் அஃது உரியவரைச் சென்றடையாவிடின் பயனில்லை. புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில், சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் நிலையத்தார் அமெரிக்கக் கடற்படையின் அலைக்கணிப்பை இணையத்திற் பெற்று, ஒலிபெருக்கியில் ஊரறியச் சொன்னார்கள். 1998-இல் தொடங்கிய திட்டம் அது. ஆழ்கடலுக்கு ஒலிபெருக்கி எட்டுமா? 2017 நவம்பர் 29 காலையில் தாழ்வு மண்டலமாயிருந்தது மறுநாட் காலையே ஒக்கிப் புயலாயிற்று. பலநாட் பயணமாகச் சென்றிருந்த குமரி மீனவர்க்குச் செய்தி சேரவில்லை. நூற்றுக்கணக்கானோர் மடிந்தும் காணாமலும் போயினர். அதன்பின், செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் பெற்றுக் கைபேசிக்குத் தரும் ஜெமினி என்னும் கருவி 2019 அக்டோபரில் வெளியிடப்பெற்றது. அதுவும் கேட்குமேயன்றிப் பேசாது. இருவழிச் செய்திக் கருவிகள் பின்னரே படகுகளிற் பொருத்தப்படலாயின.

இவ்வெண்களுக்கெல்லாம் மூலம் யாது? ஒரு பகுதி நமக்கு அண்மையிலேயே உளது. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், பள்ளிக்கரணையில் பேருந்திற் கடந்துபோகின்றோமே, அத்தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 1993-இல் நிறுவப்பெற்றது. வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் நங்கூரமிட்டு அது நிறுத்தியுள்ள மிதவைகள் காற்று, அழுத்தம், அலை, நீரின் வெப்பம் ஆகியவற்றை அளந்து செயற்கைக்கோள் வாயிலாகப் பள்ளிக்கரணைக்கு அனுப்புகின்றன. அங்கிருந்து ஐதராபாத்திலுள்ள கடல்தகவல் சேவை மையத்திற்கும் வானிலைத் துறைக்கும் அவை செல்கின்றன.

மிதவையின் நிழலில் மீன் கூடும். மீன் கூடுமிடத்தில் படகு வரும். படகை மிதவையிற் கட்டுவர், அளவுக்கருவிகள் உடையும், சிலபோது மிதவையே கட்டறுந்து மிதந்துபோகும். கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் கப்பலிற் சென்றே அதனைச் செப்பனிடல் வேண்டும். அதுகாறும் அவ்விடத்தில் அளப்பார் எவருமிலர். ஆயினும் படத்தில் அவ்விடம் வெறுமையாய் இராது. சுற்றிலும் உள்ளவற்றைக்கொண்டு கணிப்பொறி அதனை நிரப்பிவிடும். வண்ணத்தில் யாதொரு வேறுபாடும் தோன்றாது.