வீணைக்கு உதவும் பலா: வெட்டிய பின் வெடிக்காமல் காப்பது எப்படி?

தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் பலா மரத்தில் செய்யப்படுகின்றன. தஞ்சாவூர் வீணைக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும், கொல்லையில் ஓரிரு பலா வைத்திருக்கும் விவசாயிகள் பலர், காய்ப்பு ஓய்ந்த மரத்தை விறகு விலைக்கே கொடுத்துவிடுகின்றனர். நல்ல மரமும் வெட்டிய பின் கவனிக்காமல் விட்டால் வெடித்து விறகாகிவிடும். கீழ்க்கண்ட முறைகளைக் கையாண்டால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

மரத் தேர்வு

நன்கு காய்க்கும் மரத்தை வெட்ட வேண்டாம். காய்ப்புக் குறைந்த, வைரம் பாய்ந்த முதிர்ந்த மரமே ஏற்றது. அடிமரம் நேராகவும், கணு, பொந்து இல்லாமலும் இருக்க வேண்டும். பட்டையின் கோடுகள் திருகிச் சென்றால் உள்ளே நாரோட்டமும் திருகியிருக்கக்கூடும். அத்தகைய மரம் உலரும்போது முறுக்கிக்கொள்ளும். மஞ்சள் நிற வைரப் பகுதியே கருவிக்கு உதவும். வெளிப்புற வெளிர் பகுதியை வண்டு எளிதில் துளைக்கும்.

வெட்டுதல்

கருவி செய்யும் ஆசாரியிடம் தேவையான நீளத்தையும் பருமனையும் முன்னதாகவே கேட்டறிக. ஒரே மரத்தில் குடையும் ஏகாண்ட வீணைக்கு நீண்ட கட்டை வேண்டும். மிருதங்கத்திற்குச் சுமார் 2 அடி போதும். இரு முனைகளிலும் அரை அடி கூடுதலாக விடவும். அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி முன் அனுமதி பெற்றே மரம் வெட்ட வேண்டும்.

முனைப் பூச்சு

அறுத்த முனைகள் வழியே ஈரம் பல மடங்கு விரைவாக வெளியேறும். முனை முதலில் சுருங்குவதால் அங்கே வெடிப்புக் காணும். எனவே அறுத்த அன்றே இரு முனைகளிலும் உருக்கிய மெழுகோ பெயின்டோ கனமாகப் பூச வேண்டும். மறுநாள் பூசினால் பலன் குறையும். நடு மையத்தோடு விட்ட முழு உருளை பெரும்பாலும் வெடிக்கும். ஆசாரியைக் கொண்டு பச்சையிலேயே பிளந்தோ, தோராயமாகக் குடைந்தோ வைப்பது நலம்.

உலர்த்துதல்

பட்டையை உரித்து, காற்றோட்டமுள்ள நிழற்கொட்டகையில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் அடுக்கவும். அடுக்குகளுக்கிடையே 1 அங்குலக் குச்சிகளை 2 அடிக்கு ஒன்றாக, ஒன்றின் நேர்மேலே மற்றொன்று வருமாறு வைக்கவும். வெயிலில் போடக் கூடாது. 1 அங்குலக் கனத்திற்கு ஓராண்டு என்பது பொதுக் கணக்கு. மாதம் ஒருமுறை ஒரே துண்டை எடைபோட்டு வாருங்கள். கோடையிலும் எடை குறையாமல் நின்றால் மரம் உலர்ந்துவிட்டது எனலாம்.

விற்பனை

அவ்வளவு காலம் காத்திருக்க இயலாதவர்கள், முனை பூசிய கட்டையை உடனே ஆசாரியிடம் சேர்த்துவிடலாம். எவ்வாறாயினும் மரத்தை மொத்தமாக விலை பேசாதீர்கள். அடிக்கட்டைக்கு ஒரு விலை, கிளைகளுக்கு ஒரு விலை எனத் தனித்தனியே பேசுங்கள். வெட்டிய மரத்திற்கு ஈடாக இரண்டு பலாக் கன்றுகளை அந்த மழைக்காலத்திலேயே நட்டுவிடுங்கள்.