சில்லறை தராத சீட்டுக்கட்டு

மோனோபோலி பலகையை விரித்தால் ஞாயிறு மதியம் முழுக்கப் போய்விடும். பாதியிலேயே யாராவது தூங்கியும் விடுவார்கள். அதன் தம்பியான ‘மோனோபோலி டீல்’ சீட்டாட்டம் கால் மணி நேரத்தில் முடியும். எட்டு வயது ஆனவர்கள் ஆடலாம். இரண்டு பேர் முதல் ஐந்து பேர் வரை உட்காரலாம். ஆனால் பெட்டியைப் பிரித்த கையோடு ஆடத் தொடங்கினால் சண்டைதான் மிஞ்சும்.

முதலில் பணச் சீட்டுகளை மட்டும் பிரித்துப் பிள்ளையிடம் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். வழக்கமான கட்டில் இவை 20. பத்து மில்லியன் நோட்டு ஒன்று, ஐந்து இரண்டு, நான்கும் மூன்றும் மும்மூன்று, இரண்டு ஐந்து, ஒன்று ஆறு. கூட்டினால் 57 மில்லியன். பெரிய நோட்டு அரிது என்பது அப்போதே பிள்ளைக்குப் பிடிபட்டுவிடும்.

அடுத்து, பிறருடைய முழுச் சொத்துத் தொகுப்பையே பறிக்கும் ‘டீல் பிரேக்கர்’ சீட்டுகள் இரண்டையும் ஒளித்து வைத்துவிடுங்கள். முதல் சில ஆட்டங்களுக்கு அவை வேண்டாம்.

ஆளுக்கு ஐந்து சீட்டு. முறை வரும்போது இரண்டு எடுத்து, மூன்று வரை போடலாம். முறை முடியும்போது கையில் ஏழுக்கு மேல் இருக்கக் கூடாது. வெவ்வேறு நிறத்தில் மூன்று சொத்துத் தொகுப்புகளை முதலில் முடிப்பவருக்கு வெற்றி. முதல் ஆட்டத்தை எல்லோரும் கைச்சீட்டைத் திறந்து வைத்தே ஆடுவது நல்லது.

பிள்ளைகளுக்கான பணப் பாடம் இருப்பது பணம் கட்டும் இடத்தில்தான். இந்த ஆட்டத்தில் மீதிச் சில்லறை கிடையாது. அண்ணன் ‘பிறந்தநாள்’ சீட்டைப் போட்டு ஆளுக்கு 2 மில்லியன் கேட்கிறான். தங்கையின் முன்னால் ஒரே ஒரு 5 மில்லியன் நோட்டுதான் கிடக்கிறது. முழுசாகப் போய்விடும்! அந்த நேரத்தில் பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. ஆட்டம் முடிந்த பிறகு, “முதல்லயே எதைப் போட்டு வச்சிருந்தா தப்பிச்சிருக்கலாம்?” என்று ஒரே ஒரு கேள்வி போதும். அடுத்த ஆட்டத்தில் ஒன்றும் இரண்டுமாக அவள் தன் முன்னால் இருக்கும் வங்கியில் சேர்ப்பதைப் பார்க்கலாம்.

பணம் போதாவிட்டால் சொத்துச் சீட்டைத்தான் கொடுத்தாக வேண்டும். கையில் பிடித்திருக்கும் சீட்டிலிருந்து கட்ட முடியாது. மேசையில் ஒன்றுமே இல்லையென்றால் கட்டவும் வேண்டாம். இந்த ஓட்டையைப் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள், கண்டுபிடிக்கட்டும்.

‘டீல் பிரேக்கர்’ திரும்பி வந்ததும் இன்னொரு கணக்கு சேரும். அதை 5 மில்லியனாக வங்கியில் போடலாம். போட்டால் அது வெறும் பணம், பறிக்கும் சக்தி போய்விடும். இன்றைக்கு 5 மில்லியனா, நாளைக்கு ஒரு தொகுப்பா? இதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

வட்டியும் சம்பளமும் இந்த ஆட்டத்தில் இல்லை. சேமிப்பைப் பழக்க, சிறு பிள்ளைகளுக்குச் சாதாரண சீட்டுக்கட்டே போதும். படச்சீட்டுகளை எடுத்துவிடுங்கள். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. எடுக்கும் சீட்டு கறுப்பாக வந்தால் அதிலுள்ள எண்ணளவு வரவு, சிவப்பாக வந்தால் அத்தனை செலவு. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் விரும்பியதை உண்டியலில் போடலாம். அதிலிருக்கும் ஒவ்வொரு ஐந்துக்கும் ஒரு கொட்டை வட்டி. செலவு வந்து உண்டியலை உடைத்தால் அந்தச் சுற்றுக்கு வட்டி கிடையாது. எந்த ஆட்டத்திலும் நிஜக் காசு வேண்டாம். வைத்தால் பாட்டி கட்டைப் பிடுங்கிப் பரணில் போட்டுவிடுவார்.