தாளம் போடும் கை

அன்புள்ள பாத்திரக்கடை நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கச்சேரி கேட்டால் வியாபாரம் புரியும் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, "கல்லாவை விட்டு எழுந்திருக்கவே முடியாதவன் கச்சேரிக்கு எங்கே போவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த பத்தியில், உறவுக்காரர் கல்யாணத்துக்கு இரண்டு நாள் போய்வந்த கதையையும் எழுதியிருக்கிறீர்கள். மொத்தமாக வாங்க வந்தவரிடம் விலை சொல்லக் கடையில் ஒருவரும் துணியவில்லை. "முதலாளி வரட்டும்" என்று அவர் போய்விட்டார். உங்கள் கேள்வியைவிட இந்தக் கதைதான் என்னை எழுத உட்கார வைத்தது.

இன்றைய கர்நாடக இசைக் கச்சேரிக்குப் பெரும்பாலும் உருவம் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). அவர் பிறந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கம், வணிகம் வேரோடிய செட்டிநாட்டுச் சீமை. அது தற்செயலாகவே இருக்கட்டும், எனக்கு நினைத்துப் பார்க்கப் பிடித்திருக்கிறது. முன்பெல்லாம் ஒரு பல்லவியே மணிக்கணக்கில் ஓடும். அவர் வர்ணத்தில் ஆரம்பித்து, விறுவிறுப்பான கீர்த்தனைகள் சிலவற்றைப் பாடி, சபை நிலைகொண்ட பிறகு பெரிய ராகத்தை எடுத்து, கடைசியில் துக்கடா என்ற சின்ன உருப்படிகளோடு அனுப்பிவைப்பார். இதில் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. சீர்வரிசை வாங்க வரும் குடும்பத்துக்கு எடுத்த எடுப்பில் அண்டாவையா காட்டுகிறீர்கள்?

நான் சொல்ல வந்தது தனி ஆவர்த்தனம் பற்றி.

பிரதான உருப்படி முடியும் தறுவாயில் பாடகர் நிறுத்திக்கொள்வார். அடுத்த பத்துப் பதினைந்து நிமிஷம் மேடை மிருதங்கக்காரருடையது. கடமோ கஞ்சிராவோ இருந்தால் அதை வாசிப்பவருக்கும் பங்கு உண்டு. முதலில் ஆளுக்கொரு முறை விரிவாக வாசிப்பார்கள். பிறகு குறைப்பு: மாறி மாறி வாசிக்கும் அளவு சுருங்கிக்கொண்டே வந்து, இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை என்ற முடிப்புகளை வைத்து, பாட்டின் வரி தொடங்கும் இடமான எடுப்பில் வந்து இறங்குவார்கள். அந்த இடத்தில் பாடகர் வரியைப் பிடித்துக்கொள்வார். இதற்குள் சபையில் பாதி கேன்டீனுக்குப் போயிருக்கும், அது வேறு வயிற்றெரிச்சல்.

அந்தப் பதினைந்து நிமிஷம் பாடகர் என்ன செய்கிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். கச்சேரிக்குப் பேர் அவருடையது, சுவரொட்டியில் படம் அவருடையது. ஆனால் அப்போது அவருக்கு இருக்கும் ஒரே வேலை, கணக்குத் தப்பாமல் கையைத் தட்டுவது. அந்தக் கை தடுமாறினால் எப்பேர்ப்பட்ட வித்வானுக்கும் சங்கடம்தான். வாசிப்பில் அவர் தலையிடுவதில்லை, எழுந்தும் போவதில்லை.

இத்தனைக்கும் இவர்கள் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. பல கச்சேரிகளில் பக்கவாத்தியக்காரருக்கு அடுத்து என்ன பாட்டு என்பதே மேடையில்தான் தெரியும். தாளம் இருவருக்கும் பொது, எடுப்பு எந்த இடம் என்பது இருவருக்கும் தெரியும். அதற்குள் எவ்வளவு வேண்டுமானாலும் கற்பனை செய்துகொள்ளலாம்.

இப்படி விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை நான் தெரிந்துகொண்டது தாமதமாகத்தான். ஆறு வருஷம் சின்ன அச்சகம் ஒன்று வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகைதான் முக்கிய வரும்படி. எழுத்துக் கோப்பதில் என்னைவிடப் பல மடங்கு கெட்டிக்காரர் ஒருவர் வேலையில் இருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று, இந்த வரியை இறக்கு, அந்தப் பிள்ளையாரை ஏற்று என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். நல்ல முகூர்த்த மாதத்தில், கை நிறைய வேலை இருந்தபோது, அவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். சம்பளப் பிரச்சினை என்று ரொம்ப நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்.

கச்சேரி உலகத்தையும் ரொம்பத் தூக்கிப் பேச வேண்டாம். சென்னை மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கியது. மிருதங்க வித்வான் ஒருவருக்கு அங்கே சங்கீத கலாநிதி விருது கிடைக்க 1966 வரை ஆயிற்று. அவர் பாலக்காடு மணி ஐயர், அரியக்குடிக்கு எத்தனையோ கச்சேரிகளில் வாசித்தவர். மேடையில் தனி விட்டவர்கள், மரியாதையில் தனி விட முப்பத்தெட்டு வருஷம் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் கடையிலும் இந்தத் தகராறு வரும். பொறுப்பைக் கொடுத்துவிட்டு, பேரை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, உங்கள் தாளம் எது? எந்தப் பாத்திரத்தை எந்த விலைக்குக் கீழே கொடுக்கக் கூடாது, யாருக்கு எத்தனை நாள் கடன், பழைய பித்தளைக்குக் கிலோவுக்கு என்ன கழிவு. இதை ஒரு நோட்டில் எழுதி, உங்களிடம் இருபது வருஷமாக இருக்கிறார் என்று எழுதினீர்களே, அந்தப் பெரியவரிடம் கொடுங்கள். அந்தக் கணக்குக்குள் அவர் எப்படிப் பேசி விற்றாலும் வாயைத் திறக்காதீர்கள். முதல் வாரம் கை பரபரக்கும். தொடையில் தட்டிக்கொள்ளுங்கள்.

மார்கழியில் இரண்டு நாள் சென்னைக்கு வாருங்கள். கடைச் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டு வர வேண்டும், அதுதான் நிபந்தனை. டிக்கெட் நான் எடுத்து வைக்கிறேன். தனி முடிகிறவரை கேன்டீன் பக்கம் போகக் கூடாது.

அன்புடன்,
உங்கள் பழைய அச்சுக்காரன்