அடுக்கு ஸ்டூல் வாங்கப் போகிறீர்களா?

மேட்டுப்பாளையம் பக்கம் ஒரே வகை ஸ்டூல்தான் சமையலறைக்கும் கடைக்கும் வாசலுக்கும் உழைக்கிறது. விசேஷத்துக்கு ஒறம்பரை வந்தால் எல்லாம் வெளியே வரும். மறுநாள் ஒரு மூலைக்குள் அடங்கிவிட வேண்டும்.

பிளாஸ்டிக் என்றால் முதலில் இருக்கையின் நடுவே ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது அழகுக்கு வைத்ததல்ல. உருவும்போது அதன் வழியே காற்று உள்ளே போவதால், அடுக்கிய ஸ்டூல்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளாது. விரல் விட்டுத் தூக்கலாம், மழைநீரும் வடியும். ஓட்டையில்லாத குழிந்த இருக்கையில் ஐப்பசி மழை தேங்கினால், டெங்கு கொசு முட்டையிட அதுவே போதும்.

அடுத்து, கால்களை எண்ணுங்கள். பின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ 1933இல் வடிவமைத்த ‘ஸ்டூல் 60’க்கு வளைத்த பிர்ச் மரத்தில் மூன்றே கால்கள். இன்றும் டிசைனர் ஸ்டூல்களில் அந்தச் சாயலைப் பார்க்கலாம். மூன்று கால் மேடுபள்ளத்திலும் ஆடாது. ஆனால் ஓரமாகச் சாய்ந்தால் கவிழும். குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டுக்கு, அடி அகன்ற நான்கு கால் ஸ்டூலையே சொல்வேன்.

வெயிலில் கிடந்த பிளாஸ்டிக்கைத் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா? காலின் மேல் வளைவில் மயிரிழை விரிசல் தெரிகிறதா? உடனே ஒதுக்கிவிடுங்கள். நல்ல ஸ்டூலானாலும் பரணை எட்ட அதில் ஏறாதீர்கள்.

இரும்பு ஸ்டூலில் வெல்டிங் மூட்டையும் ரப்பர் புஷ்ஷையும் அவ்வப்போது கவனியுங்கள். புஷ் தேய்ந்தால் டைல்ஸ் கீறும், குழாய்க்குள் ஈரம் ஏறித் துருப்பிடிக்கும்.