இடைவேளையிலிருந்து தொடங்கு

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய மெய்நிகர் மாநாட்டு அரங்கின் மாதிரியைப் பார்த்தேன். மேடை, பெரிய திரை, வரிசை வரிசையாக நாற்காலிகள், மேலே கண்ணாடிக் கூரை. உழைப்பு நன்றாகத் தெரிகிறது. ஆனால் உரை கேட்க வீடியோவே போதும். அதற்காக அரைக் கிலோ ஹெட்செட்டை யாரும் தலையில் சுமக்க வேண்டாம். டிக்கெட் எடுத்து மாநாட்டுக்குப் போகிறவர்கள் காபி நேரத்துக்காகவும்தான் போகிறார்கள். போஸ்டர் முன்னால் நிற்கும்போது, “உங்க கட்டுரையைப் படிச்சேன், ஒரு சந்தேகம்” என்று முன்பின் தெரியாத ஒருவர் வருவாரே, அந்த இடத்தை முதலில் கட்டு.

2020 மார்ச்சில் அட்லாண்டாவில் நடக்கவிருந்த ஐஈஈஈ விஆர் என்ற மெய்நிகர் உண்மை ஆய்வு மாநாடு, கொரோனாவால் முழுக்க இணையத்துக்கு மாறியது. மொசில்லாவின் ஹப்ஸ் என்ற சேவையின் மெய்நிகர் அறைகளில் பொம்மை உருவங்களாகப் பலர் கூடினார்கள். ஹப்ஸில் நான் மிகவும் மதிப்பது ஒரு சின்ன ஏற்பாடு: தள்ளிப் போகப் போக அடுத்தவர் குரல் தேய்ந்துவிடும். அதனால் கூட்டத்திலிருந்து இரண்டு பேர் நாலடி ஒதுங்கித் தனியாகப் பேசலாம். ஹெட்செட் இல்லாதவரும் பிரவுசர் வழியாகவே உள்ளே வரலாம். இரண்டையும் தயங்காமல் எடுத்துக்கொள். 2024 மே மாதக் கடைசியில் மொசில்லா அந்தச் சேவையை நிறுத்திவிட்டது. நிரல் திறந்த மூலமாக இருந்ததால்தான் மற்றவர்களால் அதைத் தொடர முடிந்தது. உன் அறைகளையும் ஒரே நிறுவனத்தின் சர்வரை நம்பிக் கட்டாதே.

உன் வேலை இன்னும் கடினம். பாதிப் பேர் அரங்கில், பாதிப் பேர் வீட்டில். அரங்கில் இருப்பவர்கள் ஹெட்செட் போட்டிருக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள். அப்போது வீட்டிலிருந்து வருபவர், கல்யாண வீட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்பவர் மாதிரி ஆகிவிடுவார். அவருக்கு எல்லாரும் தெரிவார்கள், அவரை யாருக்கும் தெரியாது. இப்படி ஆக நீ விடவே கூடாது. ஒவ்வொரு போஸ்டருக்கும் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு திரை, கண் மட்டத்தில் கேமரா, நல்ல மைக். அவர் நெருங்கி வந்தால் திரையில் அவர் உருவமும் பெயரும் தெரியட்டும். பேசிக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து பார்த்து இடம் விடுவார்கள்.

குரல் தாமதத்தைக் கவனி. ஒரு பக்கப் பயணத்துக்கு 150 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியு) பரிந்துரை. அதை மிகவும் தாண்டினால் ஒருவர் பேச்சில் இன்னொருவர் மோதுவார். கூச்ச சுபாவம் உள்ளவர் இரண்டு தடவை மோதியதும் வாயை மூடிக்கொள்வார். நெட் இழுத்தால் படத்தைக் குறை, குரலைத் தொடாதே.

கூரை வேலையை இப்போதைக்கு நிறுத்திவை. மூன்று பேரை ஒரு போஸ்டர் முன்னால் பேசவிட்டு, மொபைல் டேட்டாவில் இருக்கும் நாலாவது ஆளை உள்ளே வரச் சொல். அவர் முதல் வார்த்தை பேச எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்