ஊர்க் குப்பையும் பொதுப் பணமும்

மக்கள் கூடி வாழுமிடத்தே இருவகைப் பொருள்கள் பொதுவாகின்றன. நீர், வழி, விளக்கு முதலியன ஒருவகை. அவற்றை யாவரும் பெற விழைவர். கழிவு, புகை, நாற்றம் முதலியன மற்றொரு வகை. அவற்றை யாவரும் பிறர்பால் தள்ள விழைவர். முன்னதைப் பங்கிடுங் கலையை நாஞ்சில் நாட்டார் நெடுங்காலம் பயின்றவர். தலைமடைக்கும் கடைமடைக்கும் முறைவைத்து நீர் விடுதலை அறியாத உழவர் இங்கு இலர். பின்னதைப் பங்கிடுங் கலையோ இன்னும் இளமைப் பருவத்ததாகவே உளது. பல ஊர்கள் கூடி ஒரு கழிவு நிலையத்தை நடத்தப் புகின், அதன் செலவை எவ்வளவால் பகிர்வது நீதியாகும் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கன்னியாகுமரி மாவட்டம் பரப்பிற் சிறியது, மக்களால் நெருங்கியது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கு வாழ்ந்தோர் 18,70,374 பேர். அவர்களுள் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தினர் எனக் கணக்கிடப்பட்டனர். ஒருபால் மலைக்காடு, ஒருபால் கடல், இடையே வயலும் குளமும் தோப்பும் வீடுமாக நிறைந்த இந்நிலத்தில், குப்பை கொட்டுதற்கென்று வெற்றிடம் யாண்டு உளது? ஒரு மாநகராட்சியும், சில நகராட்சிகளும், ஏறத்தாழ 50 பேரூராட்சிகளும், 90-க்கு மேற்பட்ட ஊராட்சிகளும் இச்சிறு நிலத்தை ஆளுகின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே கிடங்கும் பொறியும் அமைத்தல் இயலாது. இயன்றாலும் அது வீண் செலவேயாம்.

கூட்டு முயற்சி இன்மையால் விளையுந் தீங்கிற்குச் சான்று தேடித் தொலைவு செல்லவேண்டுவதில்லை. நாகர்கோவில் 1920-இல் நகராட்சியாகி, 2019-இல் மாநகராட்சியாயிற்று. அதன் குப்பைகள் நெடுங்காலம் வலம்புரிவிளை உரக்கிடங்கிற் குவிக்கப்பட்டு வந்தன. அக்குவியலில் தீப்பற்றிப் புகை சூழ்ந்த நாட்கள் பல. 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டத்து ஊர்ப்புறங்களிற் கொட்டப்பட்டமையும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையால் அவை திரும்ப எடுத்துச் செல்லப்பட்டமையும் நாம் அறிந்தனவே. இவற்றால் விளங்குவது யாது? செலவில்லாத குப்பை என்று ஒன்றில்லை. ஓர் ஊர் பணமாகக் கொடாத செலவை வேறோர் ஊரார் தம் மூச்சாற் கொடுக்கின்றனர் என்பதே.

மத்திய அரசு 2016-இல் வகுத்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், 50 கிலோமீட்டர் அளவினுள் அமைந்த நகரங்கள் செலவைப் பகிர்ந்துகொண்டு பொதுவான நிலநிரப்புக் கிடங்கு அமைத்தற்கு வழி கூறின. நாகர்கோவிலை நடுவாகக் கொள்ளின் நம் மாவட்டத்து ஊர்களிற் பெரும்பாலான அவ்வளவினுள் அடங்கும். பகிர்க என்றது விதி. எவ்வாறு பகிர்வது என்பதே ஊரார் தாமே தீர்க்கவேண்டிய வினா.

நிலையத்தை எழுப்புதற்குப் பொருள் பெறுதல் அத்துணை அரிதன்று. 2021-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் பகுதியில், ஒரு லட்சத்திற்குக் குறைந்த மக்களுடைய நகரங்களுக்குக் கழிவுத் திட்டச் செலவில் நூற்றுக்கு 50 பங்கும், ஒன்று முதல் பத்து லட்சம் வரை உடையவற்றிற்கு 33 பங்கும் மத்திய அரசின் உதவியாக வகுக்கப்பட்டன. ஆயினும் மானியம் கட்டடத்தை எழுப்பும். நாள்தோறும் வண்டியை ஓட்டாது. தூய்மைப் பணியாளரின் ஊதியம், எரிபொருள், மின்சாரம், பழுது பார்த்தல் ஆகியவை திங்கள்தோறும் ஊரார் தரும் வரியினின்றும் கட்டணத்தினின்றுமே வரவேண்டும். பூட்டிய உரக்கூடங்கள் பலவற்றிற்குக் காரணம் இதனை முன்னரே எண்ணாமையாம்.

இனிப் பகிர்வு முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மூன்று ஊர்கள் கூடி ஒரு நிலையம் நடத்துவதாகக் கொள்க. மக்கள் தொகை முறையே 60,000, 30,000, 10,000. திங்கட் செலவு ரூ. 10 லட்சம். தலைக்கணக்கால் பகிரின் ரூ. 6 லட்சம், 3 லட்சம், 1 லட்சம் ஆகும். இது எளிது, எனினும் குப்பையைத் தரம்பிரித்து ஊரிலேயே உரமாக்கும் ஊருக்கும், அனைத்தையும் கலந்து அனுப்பும் ஊருக்கும் வேற்றுமை காட்டாது. அவ்வூர்கள் அனுப்பும் குப்பை முறையே 350, 130, 20 டன் என்க. எடைக்கணக்கால் பகிரின் ரூ. 7 லட்சம், 2 லட்சத்து 60 ஆயிரம், 40 ஆயிரம் ஆகும். இங்கே உழைப்புக்குப் பயன் உண்டு. ஆனால் குப்பை குறையினும் நிலவாடகையும் பொறிக்கடனும் காவற்கூலியும் குறையா. அவற்றை யார் கொடுப்பது?

ஆதலின் செலவை இரண்டாகப் பகுத்தலே நேரிது. குப்பை வரினும் வாராவிடினும் நிற்குஞ் செலவு ரூ. 4 லட்சத்தைத் தலைக்கணக்காலும், குப்பையோடு ஏறியிறங்குஞ் செலவு ரூ. 6 லட்சத்தை எடைக்கணக்காலும் பகிர்வோமாயின், பங்கு முறையே ரூ. 6 லட்சத்து 60 ஆயிரம், 2 லட்சத்து 76 ஆயிரம், 64 ஆயிரம் ஆகும். சிற்றூர் தன் கடமையினின்றும் நழுவவில்லை. தன் முயற்சியின் பயனையும் இழக்கவில்லை.

இம்முறைக்கும் தடைகள் உண்டு. கன்னியாகுமரி போன்ற நகரில் குடியிருப்போர் சிலர்; வந்து செல்வோர் பலர். அத்தகைய ஊர் தன் தலைக்கணக்கைக் கொண்டு மட்டும் பங்கு செலுத்தின் அயலூர்கள் இழப்புறும். எடையை மட்டும் நோக்கின், வந்து செல்வோர் விட்ட குப்பைக்குக் குடியிருப்போர் வரி கொடுக்கவேண்டும். விடுதிகளிடமும் வண்டித் தங்கிடங்களிலும் பெறுங் கட்டணத்தில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்குதல் தக்கது. மற்றொரு தடை இன்னும் கொடியது. எடைக்கு விலை வைப்பின், சில ஊர்கள் எடையைக் குறைப்பதற்குப் பதிலாகக் குப்பையைத் தெருமுனையில் எரிக்கவும் பழையாற்றிலும் கால்வாய்களிலும் தள்ளவும் முற்படும். கண்காணிப்பில்லாத எடைக்கணக்கு ஆற்றுக்குப் பகையாகும்.

மூன்றாவதாக, நிலையத்தைத் தன் எல்லையில் ஏற்கும் ஊரை மறத்தலாகாது. அதற்கு டன் ஒன்றுக்கு இவ்வளவு என ஒரு தொகை கொடுத்து, அதனை அவ்வூரின் குடிநீர்க்கும் மருத்துவத்திற்கும் சாலைக்குமே செலவிடல் வேண்டும். அத்தொகையை அருள்கொடையாகக் கருதுதல் தவறு; அஃது அவர்க்குரிய கடன்.

இவற்றையெல்லாம் தீர்மானிப்பவர் யார்? பிரான்சு தேசம் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊர்கள் பல கூடிப் பொதுப்பணிக்குச் சங்கம் அமைக்க வழி செய்தது. அண்டைக் கேரளம், மாநில அரசும் உள்ளாட்சிகளும் பங்குதாரராய் நிற்கும் கழிவு நிறுவனம் ஒன்றை நடத்துகின்றது. நம் அரசியலமைப்பும், 1993-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, மாவட்டத் திட்டக் குழுவை வகுத்துள்ளது. நகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும் பொதுவான காரியங்களை ஆய்தல் அதன் கடமை. அதன் உறுப்பினருள் ஐந்தில் நான்கு பங்கினர் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பெற்றோர். முற்காலத்தில் பன்னிரு பிடாகையாகப் பிரிந்திருந்த நாஞ்சில் நாட்டார், கூட்டங் கூடி வரிச்சுமையை ஆராய்ந்தனர் என வரலாறு கூறும். அம்மரபு இன்று இக்குழுவில் உயிர்பெறலாம்.

மாணவ அன்பர்களே! கணக்கியலும் பொருளாதாரமும் ஆட்சியியலும் வெவ்வேறு வகுப்பறைகளிற் கற்கின்றோம். அம்மூன்றும் நம் வாயிலிலுள்ள குப்பைக் கூடையில் ஒன்று கூடுகின்றன. நம் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு கிராம சபையில் வைக்கப்படும்பொழுது, துப்புரவுக்கு எவ்வளவு, அது யாரிடமிருந்து வந்தது, நம் குப்பை எவ்வூரிற் சென்று தங்குகின்றது என்னும் மூன்று வினாக்களை எழுந்து கேட்போமாக.