டைமிங்கில் கை வைக்கும் முன்...



டர்ட் டிராக்கில் ஓட்டும் டூ ஸ்ட்ரோக் வண்டி, 'பிக்கப் இல்லை', 'மிஸ் ஆகுது' என்று ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால், சுற்றி நிற்பவர்களில் ஒருவராவது "டைமிங்கைக் கொஞ்சம் அட்வான்ஸ் பண்ணுப்பா, பறக்கும்" என்பார். நான் அடிக்கடி கேட்கும் வசனம் இது. ஆனால் டைமிங் காரணமில்லாமல் மாறாது. மாறியிருந்தால் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கும், தளர்ந்திருக்கும் அல்லது உடைந்திருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

டைமிங் என்றால் என்ன?

கலவை எரிந்து அழுத்தம் உண்டாகச் சிறிது நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பிளக்கில் பொறி விழ வேண்டும். உதாரணமாக, 1983-இல் வந்த ராஜ்தூத் 350 எஞ்சினின் ஸ்ட்ரோக் 54 மி.மீ. பிஸ்டன் உச்சிக்கு 2 மி.மீ. கீழே இருக்கும்போது பொறி விழும். கிராங்க் கணக்கில் இது சுமார் 20 டிகிரி. அந்த இடத்தில் 0.2 மி.மீ. மாறினாலே ஏறக்குறைய 1 டிகிரி மாறிவிடும். ஆகவே இது கண்மதிப்பில் வைக்கிற சமாசாரம் இல்லை. பிளக் துவாரத்தில் டயல் கேஜ் பொருத்தித்தான் பார்க்க வேண்டும்.

அட்வான்ஸ் அதிகமானால் கிக்கர் திருப்பி அடிக்கும். லோடு ஏறும்போது 'டிங் டிங்' என்று தட்டும். பிஸ்டன் தலையில் ஓட்டையே விழலாம். ரிடார்டு ஆனால் இழுவை குறையும். சைலன்சர் பெண்ட் அளவுக்கு மீறிச் சுடும்.

சோதிக்க வேண்டிய வரிசை

1. பிளக்: காப்பி நிறம் நல்லது. ஈரமான கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது பொறி பலவீனம். வெள்ளையாக வெளுத்திருந்தால் எஞ்சின் அதிகச் சூட்டில் ஓடுகிறது.

2. கம்ப்ரஷன்: கேஜ் வைத்துப் பாருங்கள். ரிங் தேய்ந்த எஞ்சினை எந்த டைமிங்கும் காப்பாற்றாது.

3. காற்றுக் கசிவு: டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே ஒரு பம்பு. மேக்னெட் பக்க ஆயில் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகும்; ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ரேசிங் இறங்காது. கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சும். வெள்ளைப்புகை வரும், ஆயில் மட்டம் குறையும். கார்புரேட்டர் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

4. ஃபில்டர், சைலன்சர்: மண் தடத்தில் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். சைலன்சரில் கரி சேர்ந்தாலும் பிக்கப் போகும்.

5. கடைசியில்தான் மேக்னெட் கவர்: பாயிண்ட் உள்ள வண்டியில் பாயிண்ட்டின் குதிப்பகுதி தேயத் தேய இடைவெளி குறைந்து, பொறி தாமதமாகும். இடைவெளியைக் கூட்டினால் பொறி முந்தும். அதனால் முதலில் ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி (ராஜ்தூத் 350-க்கு 0.3 முதல் 0.4 மி.மீ.), பிறகுதான் டைமிங். சி.டி.ஐ. வண்டியில் தேய்வதற்குப் பாயிண்ட் கிடையாது. டைமிங் லைட்டில் குறி விலகித் தெரிந்தால், ஸ்டேட்டர் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா, மேக்னெட்டின் அரைவட்டக் கீ வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கழற்றுமுன் ஸ்டேட்டர் தட்டு இருந்த இடத்தில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு வரிசை?

சீல் கசியும் எஞ்சினில் கலவை மெலிந்து ஏற்கெனவே சூடு அதிகம். பிக்கப்புக்காக அதில் அட்வான்ஸும் பண்ணினால் இரண்டு சூடும் சேர்ந்துகொள்ளும். வண்டி பத்து நிமிஷம் நன்றாகத்தான் ஓடும். பிறகு பிஸ்டன் பிடிச்சுக்கும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். வளைவில் அப்படி நின்றால் விழுவது நம் நண்பன். ஓட்டும்போது சத்தம் மாறி இழுவை திடீரென விழுந்தால் உடனே கிளட்சைப் பிடிக்க வேண்டும் என்று ஓட்டுபவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

அடுத்த முறை யாராவது "அட்வான்ஸ் பண்ணு" என்றால், "சீல் பாத்தாச்சா அண்ணே?" என்று முதலில் கேளுங்கள்.